தலைக்கு வந்தது தலைக்கவசத்தோடு போகட்டும்!

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் என்னிடம் கேட்டபோது, "டர்போசார்ஜர் பத்தி எழுதட்டுமா?" என்றேன். "டேய், அதையெல்லாம் புக்குல படிச்சுக்குறோம். உனக்கு நடந்ததை எழுது, நாலு பேருக்குப் புத்தி வரட்டும்" என்றான். எனக்கு நடந்தது பெருமைப்படும் விஷயமல்ல. இருந்தாலும் எழுதுகிறேன். ஏனென்றால் நம் கல்லூரி வாசலில் தினமும் காலையில் வந்து நிற்கும் பைக்குகளையும் ஸ்கூட்டர்களையும் பார்க்கும்போது, அன்றைக்கு நான் செய்த அதே தப்பை அப்படியே செய்துகொண்டு வருகிறவர்கள் பத்துப் பேராவது கண்ணில் படுகிறார்கள்.

பொன்மலையும் நானும்

நான் பொன்மலைக்காரன். அப்பா ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறார். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928ல் பொன்மலைக்கு வந்ததால் உருவான ஊர் இது. ஒரு காலத்தில் வேலை முடிந்தால் ஆர்மரி கேட்டிலிருந்து ஆறு மாதிரி சைக்கிள்கள் வரும் என்று தாத்தா சொல்வார். இன்றைக்கு அதே கேட்டிலிருந்து வருவதெல்லாம் மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும்தான். ரோடு அதே ரோடு, மரங்களும் அதே மரங்கள். வேகம் மட்டும் மாறிவிட்டது.

நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வயது 17. லைசென்ஸ் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தூங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து வண்டியை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய், தெருமுனையில் ஸ்டார்ட் செய்தேன். பின்னால் இரண்டு நண்பர்கள் ஏறிக்கொண்டார்கள். டிரிபிள்ஸ்! "மாப்ளே, போலீஸ் நின்னா போட்டுக்கலாம்" என்று ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டேன்.

காலனித் தெரு காலியாக இருந்தது. ஐம்பதைத் தாண்டி ஓட்டியிருப்பேன். பின்னால் இருந்தவன் ஏதோ சொன்னான், நான் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். ஒரு நொடி, அதற்கு மேல் இருக்காது. முன்னால் திரும்பினால் சந்தையிலிருந்து காய்கறிப் பையோடு ஒரு பெரியவர் சைக்கிளில் தெருவைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தார். பதற்றத்தில் பின் பிரேக்கை மட்டும் காலால் ஓங்கி மிதித்தேன். சக்கரம் பூட்டிக்கொண்டது, வண்டி வழுக்கியது, அவர் மேல் போய் மோதினோம்.

பெரியவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. பின்னால் இருந்த நண்பனுக்குத் தலையில் ஒன்பது தையல். எனக்குத் தாடையில் காயம். ஹெல்மெட் மாட்டியிருந்த முழங்கைக்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை!

அந்தப் பெரியவர் பணிமனையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஆஸ்பத்திரியில் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேச முடியாமல் நின்றார். பெரியவர் சொன்னது இதுதான்: "படிக்கிற புள்ள. கேஸு கீஸு எதுவும் வேணாம். ஆனா தம்பி, நாப்பது வருஷமா அந்த ரோட்டுல சைக்கிள் ஓட்டுறேன். எனக்குப் பழக்கமான ரோடுதான். நீதான் அதுல புதுசு."

அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அப்பா அன்று என்னை அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நாங்க பிரேக் டெஸ்ட் பண்ணாம ஒரு வேகனக்கூட வெளியில விட மாட்டோம். பிரேக் எப்படிப் பிடிக்கிறதுன்னே தெரியாம நீ எப்படிடா ரோட்டுக்குப் போன?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைத்தான் கீழே தருகிறேன்.

கணக்கு என்ன சொல்கிறது?

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஹெல்மெட் அணியாமல் போய் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். அதில் ஓட்டியவர்கள் 35,692, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் 14,337. அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் எந்த மாநிலத்துக்குத் தெரியுமா? நம் தமிழ்நாட்டுக்குத்தான். 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். முதலிடம் பிடிக்க நமக்கு வேறு விஷயங்களா இல்லை?

மண்டையோடும் தெர்மாகோலும்

1935 மே மாதம் இங்கிலாந்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். சைக்கிளில் போய்க்கொண்டிருந்த இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியை ஒடித்தார், தூக்கி எறியப்பட்டார், ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவர் தலையில் ஹெல்மெட் இல்லை. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று உலகம் அழைக்கும் டி.இ. லாரன்ஸ்தான் அவர். அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். இப்படி எத்தனை பேர் வீணாகச் சாகிறார்கள் என்று அவர் ஆராய ஆரம்பித்தார். 1941ல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஹெல்மெட் அணிந்த மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயம் லேசாக இருப்பதை எடுத்துக் காட்டியது. அந்த ஆண்டே பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. 1961ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் பொதுமக்களுக்கும் சட்டமாக்கியது.

ஹெல்மெட் எப்படி வேலை செய்கிறது? வெளிக்கூடு கெட்டியாக இருப்பதால்தான் தலை தப்பிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையான வேலையைச் செய்வது உள்ளே இருக்கும், நாம் தெர்மாகோல் என்று சொல்லும் நுரைப் பொருள்தான். நம் பாடத்தில் படித்த v² = u² + 2as இங்கே உதவும். தலை நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெறும் தலை 3 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், அது தாங்கவேண்டிய எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 600 மடங்குக்கு மேல். அதே தலை, நுரை நசுங்கி 25 மில்லிமீட்டரில் நின்றால் 75 மடங்குக்கும் குறைவு. அந்த இரண்டரை சென்டிமீட்டர்தான் உயிருக்கும் சாவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, ரோட்டோரத்தில் விற்கும் வெறும் பிளாஸ்டிக் கிண்ணத்தில் நுரையே இருக்காது. அது போலீசுக்குக் காட்டத்தான் உதவும், தலைக்கு உதவாது. ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பார்த்து வாங்குங்கள். அந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே 2021 ஜூன் 1 முதல் சட்டப்படி குற்றம். இரண்டு, ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டின் நுரை நசுங்கியது நசுங்கியதுதான், அதை மாற்றிவிட வேண்டும். மூன்று, தாடைப் பட்டையை மாட்டாவிட்டால் மோதும் முன்பே ஹெல்மெட் பறந்துவிடும். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஹெல்மெட் இறப்பு அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைப்பது தெரியவந்தது.

"முடி கொட்டுது", "வேர்க்குது", "காது கேக்கல" என்பவர்களுக்கு என் நண்பனின் ஒன்பது தையலைக் காட்டலாம் என்றிருக்கிறேன். அந்த இடத்தில் இன்னும் முடி முளைக்கவில்லை.

வேகமும் பிரேக்கும்

40 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவதும், சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டாவது மாடியிலிருந்து விழுவதும் ஒன்று. 60 கிலோமீட்டரில் மோதுவது 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வேகம் ஒன்றரை மடங்குதான் ஏறியது, ஆற்றலோ இரண்டேகால் மடங்கு ஏறிவிட்டது. நான்காவது மாடி மொட்டைச்சுவரில் நிற்கச் சொன்னால் கால் நடுங்கும் நமக்கு, 60ல் போகும்போது மட்டும் பயம் வருவதில்லையே, ஏன்?

ஆபத்தைக் கண் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஏறக்குறைய ஒரு நொடி ஆகிறது. 60ல் போகும் வண்டி அந்த ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். அதன்பின் காய்ந்த தார்ரோட்டில் நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 37 மீட்டர். 40ல் போனால் மொத்தமே 20 மீட்டர்தான். மழை பெய்த ரோட்டில் 60ல் போனால் 50 மீட்டரைத் தாண்டிவிடும். செல்போனைப் பார்க்கும் இரண்டு நொடி என்பது கண்ணை மூடிக்கொண்டு 33 மீட்டர் ஓட்டுவது.

நான் செய்த பெரிய தவறு பின் பிரேக்கை மட்டும் மிதித்தது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்கு மாறுகிறது, பின்சக்கரம் இலேசாகிவிடுகிறது. இலேசான சக்கரத்துக்கு ரோட்டில் பிடிமானம் ஏது? அதனால் அது பூட்டிக்கொண்டு வழுக்குகிறது. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. "முன் பிரேக் பிடிச்சா குப்புறத் தள்ளிடும்" என்று யாரோ சொன்னதை நம்பிப் பலர் அதைத் தொடுவதே இல்லை. இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்திப் பிடிக்க வேண்டும். மணலிலும் வளைவிலும் மட்டும் முன் பிரேக்கில் கூடுதல் கவனம் தேவை. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், அதற்குக் கீழ் உள்ளவற்றில் இரு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பும் கட்டாயம். அப்பா தலைமுறையின் பழைய வண்டிகளில் இவை கிடையாது. நம் கைதான் ஏ.பி.எஸ்.!

சட்டம் யாருக்கு?

நாமெல்லாம் பத்தாவது முடித்துவிட்டு டிப்ளமோவில் சேர்ந்தவர்கள். முதல் ஆண்டில் நமக்கு 15, 16 வயது. சட்டப்படி 18 வயது முடிந்தால்தான் வண்டி ஓட்டலாம். 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும் 16. ஆக, நம் கல்லூரியின் முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்களில் பெரும்பாலோருக்கு பைக் ஓட்டும் உரிமையே இல்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் செய்த திருத்தத்தின்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோ மூன்று ஆண்டு வரை சிறை செல்ல நேரிடும், 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டிய பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்தாலும், லைசென்ஸ் இல்லை என்று காட்டி அதை வண்டிக்காரரிடமிருந்து திரும்ப வசூலிக்க வழி இருக்கிறது. அந்தப் பெரியவர் கேஸ் கொடுத்திருந்தால் என் அப்பாவின் நிலைமை என்னவாகியிருக்கும்? இதை எண்ணி நான் தூங்காத இரவுகள் பல.

ஹெல்மெட் சட்டம் நமக்குப் புதிதல்ல. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 129ஆவது பிரிவிலேயே அது இருக்கிறது. தமிழ்நாட்டில் 2007 ஜூன் 1 முதல் கட்டாயம் என்றார்கள். சில நாள் கெடுபிடி, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. 2015ல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டு, ஜூலை 1 முதல் பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்துக் கட்டாயமானது. அப்போது ஹெல்மெட் கடைகளில் கூட்டம் அலைமோதியது. சட்டம் வந்தபோதெல்லாம் நாம் ஹெல்மெட் வாங்கினோம். பிறகு அதைப் பெட்ரோல் டேங்கின் மேலும், கண்ணாடியின் மேலும், முழங்கையிலும் மாட்டினோம். இப்போது அபராதம் 1,000 ரூபாய். டிரிபிள்ஸ் போனாலும் 1,000. குடித்துவிட்டு ஓட்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

ஆனால் நண்பர்களே, போலீஸ்காரர் நிற்கும் இடத்தில் மட்டும் தலை உடைவதில்லை!

நம் ஊர் ரோடும் நம் நடத்தையும்

ரோட்டிலும் குறை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. தஞ்சாவூர் சாலையில் பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை அணுகுசாலை வேண்டும் என்று மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டார்கள், போராடினார்கள். அப்படிக் கேட்பது நம் உரிமை. ஆனால் அணுகுசாலை இல்லை என்பதற்காக, அரை கிலோமீட்டர் சுற்றச் சோம்பல்பட்டு, நாலுவழிச் சாலையில் லாரிக்கு எதிரே ராங் சைடில் வருவது எந்த உரிமையில் சேர்த்தி?

ஜி கார்னரில் பாருங்கள். பைபாஸில் வேகமாக வரும் பஸ், லாரிகளுக்கு நடுவே நம்மவர்கள் இண்டிகேட்டர் போடாமல் காலை நீட்டி சிக்னல் காட்டித் திரும்புகிறார்கள். பஸ் டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். பஸ்ஸின் இடப்பக்கம் ஒட்டி வரும் ஸ்கூட்டர் அவர் கண்ணுக்குத் தெரியாது. அவர் முகம் கண்ணாடியில் நமக்குத் தெரியவில்லை என்றால், நாமும் அவருக்குத் தெரியவில்லை என்று பொருள். காவிரியில் வெள்ளம் வந்தால் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்ப்பது நம் ஊர் வழக்கம். பின்னால் வருபவர் என்ன செய்வார்? ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதிகளில் வயதானவர்கள் நடந்து கோயிலுக்குப் போகிறார்கள். அங்கே போய் ஹார்னை அலறவிட்டு அவர்களைத் துள்ள வைப்பதில் என்ன வீரம்?

நண்பிகளுக்கும் ஒரு வார்த்தை. துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் சக்கரத்தில் சிக்கி நடக்கும் விபத்துகள் கொஞ்சமல்ல. பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பும், பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும், கால் வைக்கும் கட்டையும் இருக்க வேண்டும் என்பது விதி. அழகுக்காக அவற்றைக் கழற்றிவிடும் நண்பனின் வண்டியில் ஏறாதீர்கள். ஏறினால் தலைப்பைச் செருகிக்கொண்டு ஏறுங்கள்.

விபத்தைப் பார்த்தால்

வேடிக்கை பார்க்காதீர்கள், வீடியோ எடுக்காதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். "நமக்கேன் வம்பு, போலீஸு கோர்ட்டுன்னு அலையணும்" என்ற பயம் இனி வேண்டாம். உதவி செய்பவரைத் தொல்லை செய்யக்கூடாது என்று 2016ல் உச்சநீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை உறுதி செய்தது. 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவாக அந்தப் பாதுகாப்பு சட்டத்திலேயே இடம்பெற்றது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மயங்கிக் கிடப்பவருக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஹெல்மெட்டை வெடுக்கென்று இழுக்காதீர்கள், கழுத்தெலும்பு பாதிக்கப்படலாம்.

இடித்தது நாமாக இருந்தால் ஓடக்கூடாது. அடிபட்டவரை மருத்துவரிடம் சேர்ப்பதும் காவல் நிலையத்தில் சொல்வதும் ஓட்டியவரின் கடமை என்று சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் மனசாட்சி சொல்லும்.

தினமும் இரண்டு நிமிடம்

ரயில் புறப்படுமுன் பிரேக் சோதனை செய்கிறார்கள். நாமும் செய்யலாமே!

1. முன், பின் பிரேக் இரண்டும் பிடிக்கிறதா?
2. டயரில் காற்றும் பட்டனும் இருக்கிறதா?
3. ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், ஹார்ன் வேலை செய்கின்றனவா?
4. இரண்டு கண்ணாடியும் இருக்கின்றனவா? (தலை சீவுவதற்கல்ல!)
5. சைடு ஸ்டாண்டை எடுத்தாயிற்றா?
6. செல்போன் பைக்குள் போயிற்றா?
7. ஹெல்மெட் தலையில் இருக்கிறதா, பட்டை மாட்டியிருக்கிறதா, பின்னால் இருப்பவருக்கும்?

முடிவாக...

எனக்கு 18 முடிந்ததும் முறைப்படி எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினேன். வாங்கியதும் முதலில் அந்தப் பெரியவர் வீட்டுக்குத்தான் போனேன். கைத்தடி ஊன்றி வாசலுக்கு வந்தார். லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "போட்டோல கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்ல" என்றார். தொடையில் பிளேட் வைத்திருக்கிறார்கள், நடக்கிறார். ஆனால் சைக்கிள் ஓட்ட முடியாது. அந்த சைக்கிள் திண்ணையில் சங்கிலி துருப்பிடித்து நிற்கிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்கான காய்கறியைச் சந்தையிலிருந்து நான்தான் வாங்கிக் கொடுக்கிறேன். "கத்திரிக்கா முத்தலா இருக்கே" என்று திட்டுவார். கேட்டுக்கொள்வேன். நான் ஒரு நொடி திரும்பிச் சிரித்ததற்கு அவர் கொடுத்த விலை அந்த சைக்கிள். அதை நான் எத்தனை பை காய்கறியாலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள் நம் பெரியவர்கள். நம் தலைக்கு வருவது தலைக்கவசத்தோடு போகட்டும். அடுத்தவர் தலைக்கு நம்மால் எதுவும் வராமலே போகட்டும்!

வேகம் குறைப்போம்! விதிகளை மதிப்போம்! வீடு திரும்புவோம்!